நஞ்சப்பன் படித்த பிளக்

டாக்டர் நஞ்சப்பனுக்குக் காலையிலிருந்தே கடுப்பு. கோவைக்கு வெளியே இருந்த ரேஸ் டிராக்கில், பிரிசில்லாவின் ஷெட் வாசலில், தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஊருக்குள் அவர் பல் டாக்டர், ஐம்பதைத் தாண்டியவர். இங்கே, ரேஸ் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பிரிசில்லாவின் சிஷ்யர். குருவுக்கு வயது அவரைவிட ரொம்பக் குறைவு.

மாலை கடைசித் தகுதிச் சுற்று. அதில் தேறாவிட்டால் நாளை ரேஸில் அவர் கிடையாது. வண்டியோ வேகமெடுக்கும்போதெல்லாம் மிஸ் அடித்து எஞ்சின் திணறியது. அவரும் கம்பெனி கம்பெனியாக ஸ்பார்க் பிளக் மாற்றிவிட்டார். கழற்றியதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நேரே குப்பைத்தொட்டி. அடுத்தவர் வண்டி பிளக் என்றால் மட்டும் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதில் அவர் கெட்டிக்காரர், பொய் சொல்லக் கூடாது.

"ஏனுங்கம்மணி, கோல்டு பிளக் போடறதா, ஹாட் பிளக் போடறதா? ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

"டீ குடிச்சுட்டு வாங்க டாக்டர்."

வாயைத் திறக்காத குருவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? முணுமுணுத்துக்கொண்டே கேன்டீனுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது பிரிசில்லா ஒரு தட்டை நீட்டினாள். அதில் நாலு பிளக்.

"ஒருத்தர் வண்டியில கழட்டினதுங்க. பார்த்துச் சொல்லுங்க."

"என் தலையே வேகுது, இதுல ஊரான் வண்டியா?" என்றார். ஆனால் கை தானாக நீண்டது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "கோல்டு பிளக். ரேஸ் வேகத்துக்குன்னே செஞ்ச நல்ல சரக்கு. ஆனா ஒரே கரி. பெட்ரோல் அதிகமா?"

"இல்லைங்க. பார்த்துட்டேன். எஞ்சின் சுத்தமா இருக்கு."

"அப்ப ஓட்டறவன்தான். இந்த பிளக் சூடே ஆகலைங்க. ஆள் ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்கவே இல்லை. வளைவு கண்ணுல படறதுக்கு முன்னாலயே காலைத் தூக்கியிருக்கான்."

"என்ன பண்ணலாமுங்க?"

"மெதுவா ஓட்டறவங்களுக்கான ஹாட் பிளக்கைப் போட்டு, ஞாயித்துக்கிழமையானா மருதமலைக் கோயிலுக்குப் போயிட்டு வரச் சொல்லுங்க. பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குங்க டிராக்கு?"

பிரிசில்லா சிவப்புக் காரின் பானட்டைத் தூக்கினாள். பிளக் இருக்க வேண்டிய நாலு குழியும் காலியாக இருந்தன.

நஞ்சப்பன் குழிகளைப் பார்த்தார். கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"என்னங்க இது, விளையாட்டா?" என்று கத்தினார்.

அவள் தட்டிலிருந்த மீதி மூன்று பிளக்கையும் குழிகளுக்கு நேராக வரிசையாக வைத்தாள். அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் இறங்கியது.

"போன வருசம் மூணாவது வளைவுல வண்டி சுத்தி, செவுத்துல போய்..." என்று டிராக் பக்கம் கை காட்டினார்.

"தெரியுமுங்க." ஒரு புது டப்பாவை எடுத்து பானட் ஓரத்தில் வைத்தாள். "நீங்க சொன்ன ஹாட் பிளக். மாட்டிரலாமுங்களா?"

ஒலிபெருக்கி தகுதிச் சுற்றுக்கு வண்டிகளைக் கூப்பிட்டது. நஞ்சப்பன் டப்பாவை முறைத்தார். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துப் பழைய பிளக்கின் கரியைத் தேய்க்கத் தொடங்கினார்.

பிரிசில்லா அதை அவர் கையிலிருந்து வாங்கிக் குழியில் வைத்து முடுக்கினாள்.

"துடைக்காதீங்க டாக்டர். முழுசா மிதிச்சா, கரி தானாவே எரிஞ்சு போயிருமுங்க."