நரி விட்டுவைத்த புல்

ஒரு காட்டில், மரங்கள் முடியும் இடத்தில் அகலமான புல்வெளி இருந்தது. காடைகள் அங்கே தரையில்தான் முட்டையிடும். புல் உயரமாக இருந்தால் பருந்தின் கண்ணில் முட்டை படாது. ஆனால் எல்லாரும் ஓயாமல் மேய்ந்ததில் புல் குட்டையாகிவிட்டது. காடைகளும் குறைந்துவிட்டன.

காட்டை ஆண்ட யானை அரசி புல்வெளியை எல்லா விலங்குகளுக்கும் பங்கு பிரித்து, ஓர் உத்தரவு போட்டாள்.

"இந்த முறை காடைக் குஞ்சுகள் பறக்கும்வரை தன் பங்குப் புல்லை விட்டுவைப்பவருக்கு, கோடை முழுவதும் ஆற்றங்கரையில் இடம் தருவேன். ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான் அங்கே இடம் உண்டு."

கோடையில் ஆற்றங்கரை தவிர எல்லாம் காய்ந்துபோகும். ஒரு வெளிமானுக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. 'அந்த இடம் கிடைக்காவிட்டால் என் பால் வற்றிவிடுமே, குட்டி என்ன ஆகும்?' என்று அது தவித்தது. தன் புல்லைத் தொடாமல், தினமும் மலை ஏறி முள்செடிகளைக் கடித்துவிட்டு வந்தது. விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன.

புல் மேயும் மற்ற விலங்குகளோ நான்கே நாளில் பொறுமை இழந்து மேய்ந்துவிட்டன.

குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும், அரசி அனுப்பிய கொக்கு புல்லைப் பார்வையிட வந்தது.

"மானே, இந்த மூலையில் நாலு புல் கடிபட்டிருக்கிறதே?"

"ஐயா, குட்டி விளையாட்டாய்க் கடித்துவிட்டது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கடி என்றால் கடிதான்."

அடுத்த பங்கு நரியுடையது. அங்கே ஒரு புல்கூடக் கடிபடவில்லை. "ஆகா, இதுவல்லவா ஒழுங்கு!" என்று கொக்கு நரியைப் புல்வெளி ஓரத்தில் நின்ற அரசியிடம் அழைத்துப் போனது. மானும் குட்டியோடு பின்னாலேயே ஓடியது.

"தாயே, புல்லைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கில் எச்சில் ஊறும்" என்று நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "காடைகளை நினைத்து அடக்கிக்கொண்டேன். இத்தனை நாளும் அரைப் பட்டினிதான்!" அதன் மனமெல்லாம் ஆற்றங்கரை நண்டுகளில் இருந்தது.

மானின் புல்லில் குஞ்சு பொரித்திருந்த காடை ஒன்று முன்னால் வந்தது.

"அரசியே, நரியண்ணன் பாவம்! எங்களுக்காக இவ்வளவு பசி பொறுத்திருக்கிறார். முதலில் அவர் புல்லிலேயே ஒரு கட்டு கொடுங்கள், கண்குளிரப் பார்க்கிறோம்."

"நியாயம்தான்" என்றாள் அரசி. துதிக்கையால் நரியின் பங்கிலிருந்து ஒரு கட்டுப் புல்லைப் பிடுங்கி நரியின் முன்னே போட்டாள்.

"இன்று வயிறு சரியில்லை, தாயே..."

"பட்டினி கிடந்த வயிறு அப்படித்தான் இருக்கும். சாப்பிடு."

வேறு வழியில்லாமல் நரி ஒரு வாய் மென்று விழுங்கியது. இருமியது. தொண்டையைச் செருமியது. பிறகு எல்லார் முன்னாலும் வாந்தி எடுத்தது. புல்லோடு சேர்ந்து பழுப்புப் புள்ளி போட்ட முட்டை ஓடுகள் வந்து விழுந்தன.

"ஐயோ, இவை இன்னும் பொரிக்காமல் இருந்த எங்கள் முட்டைகள்!" என்று காடை கத்தியது.

அரசி காதுகளை விரித்தாள். "நீ தின்னாத புல்லை விட்டுவைத்தாய். நான் காக்கச் சொன்னவற்றைத் தின்றுவிட்டாய். இனி புல்வெளிப் பக்கம் உன் வாலைக்கூட நான் பார்க்கக் கூடாது!"

நரி திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

"கடிபட்ட தடத்தை மட்டும்தான் நான் பார்த்தேன், அரசியே" என்று கொக்கு தலைகுனிந்தது.

"அடுத்த முறை வயிற்றையும் பார். இந்த மானின் விலா எலும்பு உன் கண்ணில் படவில்லையா? ஆற்றங்கரை இடம் இதற்குத்தான்."

அன்று மாலையே மான் குட்டியுடன் ஆற்றங்கரைக்குப் போனது. யாராவது வந்து விரட்டுவார்களோ என்று புல்லைக் கடிப்பதும் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தது. ஒருவரும் வரவில்லை. குட்டி வயிறு முட்டப் பால் குடித்து, தாயின் காலடியிலேயே தூங்கிப்போனது. அப்போதுதான் மானுக்கு மூச்சு வந்தது.

நீதி: தனக்கு வேண்டாததை விட்டுவைப்பது தியாகம் ஆகாது, தன் பசியைப் பொறுத்து விட்டுக்கொடுத்தவருக்கே பரிசு உரியது.