காணாமல் போன கத்திரிச் செடி

மதுரையில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. அதை ஈடுகட்டத்தானோ என்னவோ, சௌந்தரம்மாளின் வீட்டு மேல்மாடியில் அம்பலவாணனும், அவன் மனைவி கோமளமும், அவள் தம்பி பூவலிங்கமும் குடியிருந்தார்கள்.

மொட்டைமாடியில் ஆறு தொட்டிகளில் கத்திரிச் செடி வைத்திருந்தார்கள். சௌந்தரம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "பொங்கலுக்குள்ள ஒரு காயாவது கண்ணுல காட்டணும். இல்லாட்டி மாடியை விட்டுருங்க, நான் வத்தல் போடணும்." அம்பலவாணனுக்கு அந்த மாடிதான் உயிர். தன் கையால் விளைந்த காயை ஒரு நாளாவது குழம்பில் பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கினான்.

ஆகவே ஒரு கருவி வாங்கி வந்தான். தொட்டி மண்ணில் செருகுகிற குச்சி அது. செடிக்கு என்ன வேண்டுமோ அதைச் செல்போனில் சொல்லிவிடும். கடைக்காரர், "போன் சொல்றதை மட்டும் செய்ங்க. சொந்தப் புத்தியை உள்ள விடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். மூவருக்கும் இது சிரமமாகப் படவில்லை.

குச்சி முதல் தொட்டியில் நின்றது. "தண்ணீர் தேவை" என்றது போன். ஊற்றினார்கள். மற்ற ஐந்து செடிகளும் வாடத் தொடங்கின.

"அதுகளுக்கும் ஊத்தலாமாங்க?" என்றாள் கோமளம்.

"கேட்டுச்சா?" என்றான் அம்பலவாணன்.

"கேக்கலை."

"கேக்காதவங்க வாயில தண்ணியை ஊத்துறது மரியாதையா அக்கா?" என்றான் பூவலிங்கம்.

ஐந்தும் மரியாதையோடு செத்தன.

ஒரு நாள் மழை பிடித்தது. "ஈரம் போதும்" என்றது போன். மூவரும் குடையோடு ஓடித் தொட்டியைச் சுற்றி நின்றார்கள், தாங்கள் நனைந்தபடி. மறுநாள் மேகமூட்டம். "வெயில் போதவில்லை" என்றது. தொட்டியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அம்பலவாணனும் பூவலிங்கமும் வெயிலைத் தேடிப் புறப்பட்டார்கள். மேலூர் தாண்டித்தான் கொஞ்சம் கிடைத்தது.

இத்தனை படுத்தியும் அந்தச் செடி காய்த்தது. ஊதா நிறத்தில் பளபளவென்று ஒரே ஒரு காய். பார்க்கும்போதெல்லாம் அம்பலவாணனுக்குக் கண் கலங்கியது.

போகியன்று காலை சௌந்தரம்மாள் மாடி ஏறி வந்தாள். அந்த நேரம் பார்த்துக் குச்சியின் பேட்டரி தீர்ந்தது. "உங்கள் செடியைக் காணவில்லை" என்றது போன்.

மூவரும் பதறிப்போய் மாடி முழுக்கத் தேடினார்கள். தண்ணீர் டேங்கைக்கூடத் திறந்து பார்த்தார்கள்.

"இந்தா, காய் நல்லாத்தானே காய்ச்சிருக்கு. மாடியை நீங்களே வச்சுக்கங்க" என்றாள் சௌந்தரம்மாள்.

"அது எங்க செடி இல்லீங்கம்மா. எங்களது காணாமப் போச்சு" என்றான் அம்பலவாணன்.

"அப்ப இது யாருது?"

பூவலிங்கம் யோசித்துச் சொன்னான்: "நம்ம செடியை எடுத்தவன் பதிலுக்கு இதை வச்சுட்டுப் போயிருக்கான் மச்சான். நல்ல திருடன்."

அடுத்தவர் காயைக் காட்டி மாடியைப் பிடிக்க அம்பலவாணனுக்கு மனசு ஒப்பவில்லை. கண்ணீரோடு மாடிச் சாவியை அவள் கையில் வைத்தான். பூவலிங்கம் வாசல் கேட்டில் ஓர் அட்டை மாட்டினான்: "காய்த்த கத்திரிச் செடி ஒன்று கிடைத்திருக்கிறது. தொலைத்தவர் இந்த நம்பருக்குக் கூப்பிடவும்." குடும்பத் தலைவர் நம்பர் போடுவதுதான் முறை என்று அம்பலவாணனின் நம்பரையே எழுதினான்.

சாயங்காலம் பால் வாங்கித் திரும்பிய அம்பலவாணன் அட்டையைப் படித்தான். காணாமல் போன தன் செடி கிடைத்துவிட்டது என்று துள்ளினான். உடனே அந்த நம்பரைக் கூப்பிட்டான். பிஸி. மூன்று தரம் கூப்பிட்டும் பிஸி.

சோர்ந்துபோய் மாடி ஏறி மனைவியிடம் சொன்னான்: "போச்சு கோமளம். எவனோ நமக்கு முந்திக் கூப்பிட்டுப் பேசிக்கிட்டிருக்கான்."