ஆண்பூவை வேலையை விட்டு நீக்கியவன்

ஆவணி மாதம் பத்தாம் நாள், நாற்பத்தொரு மனைகள், அவற்றில் முப்பத்தேழாவது மனைக்காரன் பெயர் கொற்றன். கதை இங்கேதான் தொடங்குகிறது, கேளுங்கள்.

பழங்காலத்து மன்னன் ஒருவன் போர் முடிந்து படையைக் கலைத்தான். அந்த ஆவணி பத்தாம் நாள் நாற்பத்தொரு பேருக்கு மருதங்காட்டில் ஆளுக்கொரு குடிசையும் அதன் பின்னால் கொஞ்சம் கொல்லையும் கொடுத்தான். கூடவே ஓர் ஆணையும் போட்டான். தை முதல் நாளன்று ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு கீரை, ஒரு பூ, ஒரு காய் வளர்ந்திருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் மனை சொந்தம். ஒன்று குறைந்தாலும் மனை அரசுக்குத் திரும்பும்.

கொற்றன் இருபத்திரண்டு ஆண்டுகள் கோட்டை வாசலில் காவல் நின்றவன். அத்தனை ஆண்டும் கோட்டைச் சுவரோரம்தான் படுத்தான். சொந்தமாக ஒரு கதவைத் திறந்து உள்ளே போனது மருதங்காட்டில்தான். அந்தக் கதவை விட அவனுக்கு மனமில்லை. ஆனால் அதுவரை அவன் ஒரு செடிகூட நட்டதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் எயினியின் வீடு. படைக்குச் சோறு பொங்கியவள். பாசறைக்குப் பின்னால் கறிவேப்பிலையும் கத்தரியும் போட்டுப் பழகியவள். வாய் கொஞ்சம் நீளம்.

முதலில் கீரை. கொற்றன் ஈட்டியால் குழி போட்டான். முழ ஆழக் குழியில் கடுகைவிடச் சிறிய கீரை விதையைப் போட்டு, மூடி, மிதித்தான்.

வேலி மேலாக எயினி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, விதைச்சீங்களா, புதைச்சீங்களா?"

"எனக்குத் தெரியும்" என்றான் கொற்றன்.

பதினைந்து நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. பிறகு எயினி செய்வதை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவி, கையால் ஒரு தடவு தடவினாள். அதோடு சரி. அவனும் அப்படியே செய்தான். ஐந்தாம் நாள் முளைத்தது.

அடுத்தது பூ. காசித்தும்பை நாற்றை நட்டு, காவல் மாறும் கணக்கில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை தண்ணீர் ஊற்றினான். ஐப்பசி மழை கொட்டிய நாளிலும் நனைந்துகொண்டே நின்று ஊற்றினான்.

"வானம் ஊத்துறது போதாதுன்னு நீங்களுமா?" என்றாள் எயினி. "மண்ணுல விரலை விட்டுப் பாருங்கண்ணே. ஈரமா இருந்தா குடத்தைக் கீழே வைங்க."

"எனக்குத் தெரியும்" என்றான் கொற்றன்.

வேர் அழுகி நாற்றுகள் சாய்ந்தன. அடுத்த நாற்றை நட்டபோது, யாரும் பார்க்காத நேரத்தில் விரலை விட்டுப் பார்த்தான். அது பிழைத்தது.

கடைசியாகப் பூசணி. இதில் கொற்றன் தவறவில்லை. நல்ல வெயில் படும் இடம் பார்த்து, மக்கிய சாணம் போட்டு ஊன்றினான். கொடி வேலியைத் தாண்டிக் கூரை மேல் ஏறியது. மார்கழி பிறந்ததும் நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் பூக்கள். மார்கழிக் கோலத்தில் வைக்கப் பூசணிப்பூ வேண்டுமே! விடிந்தால் தெருவே அவன் வாசலில் நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் வந்தவர்களை மறித்தே பழகியவனுக்கு, வந்தவர்களுக்குக் கொடுப்பது பெருமையாக இருந்தது. பூத்ததையெல்லாம் பறித்துக் கொடுத்தான்.

"ஊர் வாசலெல்லாம் அழகாத்தான் இருக்கு. காய்க்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் எயினி. "சில பூவுக்குக் கீழே குட்டியாப் பிஞ்சு உட்கார்ந்திருக்கும். அதையாவது விட்டு வைங்கண்ணே."

"எனக்குத் தெரியும்" என்றான் கொற்றன். அவள் மேலும் ஏதோ சொல்ல வந்தாள். அவன் உள்ளே போய்விட்டான்.

மறுநாள் உற்றுப் பார்த்தான். அவள் சொன்னது சரி. ஒன்றிரண்டு பூக்களின் அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சு இருந்தது. மற்றவை வெறும் காம்பில் நின்றன. காவல்காரன் புத்தி உடனே வேலை செய்தது. காய் தராத பூவுக்குக் கொடியில் என்ன வேலை? பிஞ்சுப் பூவை விட்டுவிட்டு, காம்புப் பூ அத்தனையையும் விடியும்போதே பறித்துத் தெருவுக்குக் கொடுத்தான்.

முதல் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. இரண்டாவதும் உதிர்ந்தது. மார்கழி இருபத்து மூன்றாம் நாள் மூன்றாவதும் உதிர்ந்தது. தைக்கு ஒரு வாரம் இருந்தது.

கொற்றன் உதிர்ந்த பிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு வேலியருகே போனான். "தங்கச்சி, எனக்குத் தெரியாது" என்றான்.

எயினி சிரிக்கவில்லை. "காம்புப் பூதான் ஆண்பூ. அதுல இருக்குற பொடி பிஞ்சுப் பூவுல பட்டாத்தான் காய் நிக்கும். நீங்க மாப்பிள்ளை எல்லாரையும் கோலத்துக்கு அனுப்பிட்டீங்க."

மறுநாள் காலை, புதிதாக விரிந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் தொட்டு எடுக்கக் காட்டினாள். அன்று கொற்றன் தெருவுக்குப் பூ கொடுக்கவில்லை. பிஞ்சு உதிரவில்லை.

தை முதல் நாள் காலை அது கைப்பிடி அளவுதான் இருந்தது.

"என்கிட்ட பெருசா ரெண்டு இருக்கு. ஒன்னை அறுத்து உங்க இலைக்கடியில வைக்கிறேன்" என்றாள் எயினி. "தெருவுல நாலு பேர் சந்தையில வாங்கியே வச்சிருக்காங்க."

கொற்றன் கொஞ்ச நேரம் தன் வீட்டுக் கதவைப் பார்த்தான். "வேண்டாம் தங்கச்சி. போலி முத்திரையோடு வந்தவனையெல்லாம் பிடிச்சுக் கொடுத்தவன் நான். என் வாசலில் நானே போலியா நிக்க முடியாது."

அரசனின் கண்காணி வந்தார். கீரையைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். பூசணி இலையை விலக்கினார்.

"இதுதானா காய்?"

"இதுதான் ஐயா. பூத்து ஆறு நாள் ஆகுது."

"மார்கழி முழுக்க என்ன செய்தாய்?"

"ஆண்பூவை வேலையை விட்டு நீக்கிக்கிட்டிருந்தேன் ஐயா."

கண்காணி குனிந்து காயை மெல்லத் தூக்கினார். கூடவே கொடியும் எழுந்தது. "ஆணையில் அளவு சொல்லவில்லை" என்று அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அன்று நான்கு வீடுகளில் அவர் தூக்கிய காய், கொடியில்லாமல் கையோடு வந்தது. அந்த நான்கு மனைகளும் அரசுக்குத் திரும்பின.

பயனற்றது என்று எதையும் பறித்து எறியுமுன், அது செய்யும் வேலை என்ன என்று தெரிந்தவரைக் கேட்க வேண்டும் என்பதே இக்கதை சொல்லும் நீதி.

மாசி பதின்மூன்றாம் நாள் கொற்றன் அந்தக் காயைப் பறித்தான். பாதி எயினி வீட்டுக்குப் போனது.