காலும் ஒரு நோயா?

காட்டோடையின் கரைக்கு இந்தப் பக்கம் ஒரு குட்டை இருந்தது. கோடைமழையில் அது நிறைந்ததும் தவளைகள் வந்து முட்டையிட்டுவிட்டுப் போயின. சில நாளில் முந்நூறு தலைப்பிரட்டைகள் பொரித்து வெளியே வந்தன!

அவற்றுக்கு ஆட்டம்தான், பாட்டம்தான். அவை கண்டுபிடித்த விளையாட்டுக்குப் பெயர் வாலடி. நாவல் இலை ஒன்று தண்ணீரில் மிதக்கும். எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். "ஒண்ணா...!" என்று ஒருவன் கூவுவான். "போடு!" என்று முந்நூறு வாலும் ஒன்றாக அடிக்கும். எழும் அலையில் இலை எதிர்க்கரைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். "ஹேய்!" என்று ஒரே கூச்சல்!

அந்தக் குட்டையில் ஓர் ஆமையும் இருந்தார். அவர் முதுகு முழுக்கப் பாசி. பாசி வளர வளர அரிக்கும். அவருக்கு முதுகு எட்டாது.

"என் அருமைச் செல்வங்களே! உங்களுக்காகவே என் முதுகில் விருந்து வளர்த்திருக்கிறேன். வாருங்கள்!" என்பார்.

தலைப்பிரட்டைகள் நீந்தி வந்து பாசியைச் சுரண்டித் தின்னும். ஆமையார் கண்ணை மூடிச் சுகமாகக் கிடப்பார். கடைசியில் "நன்றி ஐயா!" என்று சொல்பவை தலைப்பிரட்டைகள்தான். உழைத்தவரே நன்றியும் சொல்வது காட்டில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை.

ஆனால் ஆமையாருக்கு ஒரு கவலை இருந்தது. தலைப்பிரட்டைகள் வளர்ந்தால் தவளையாகும். தவளை பூச்சி பிடித்துத் தின்னும், பாசியைத் தொடாது. அப்புறம் முதுகை யார் சுரண்டுவது?

தலைப்பிரட்டைகளில் ஒருத்தி பொட்டு. மூக்கில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் அந்தப் பெயர். அவளுடைய தம்பி கடுகு. முந்நூறு முட்டைகளில் கடைசியாகப் பொரித்தவன் அவன்தான். கடுகளவுதான் இருப்பான். அக்காவின் வாலைவிட்டு நகரமாட்டான்.

ஒரு நாள் காலையில் கடுகு கத்தினான்.

"அக்கா! உன் வாலுக்குப் பக்கத்துல ரெண்டு குச்சி ஒட்டியிருக்கு!"

"எங்கேடா?"

"இதோ! இரு, பிடுங்கிடறேன்!"

"ஐயோ! விடுடா! வலிக்குது!"

"குச்சிக்கு வலிக்குமா அக்கா?"

பொட்டு பயந்து போனாள். நேராக ஆமையாரிடம் போனாள். அவர் பார்த்தார். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு மெல்ல நீட்டினார்.

"மகளே! இதன் பெயர் கால். இது ஒரு கொடிய நோய்!"

"நோயா!"

"ஆம்! கால் வந்தால் வேலை வரும். வேலை வந்தால் கவலை வரும். கவலை வந்தால் உன் அழகான வால் உதிர்ந்துபோகும்!"

"உங்களுக்கும் நாலு இருக்கே, ஐயா?"

"அதனால்தான் சொல்கிறேன். நான் படும் பாடு உனக்கு வேண்டாம்!" என்று சொல்லி, நான்கு கால்களையும் வெயிலில் நன்றாக நீட்டிக்கொண்டார் ஆமையார்.

பொட்டுக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது. மேலே உட்கார்ந்திருப்பவருக்காகக் கீழே சுமக்கிறவர் கண்ணீர் விடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவளும் அதைத்தான் செய்தாள்.

"இப்போ நான் என்ன செய்யணும் ஐயா?"

"காலை மடக்கு. நீர்க்கொடியால் இறுக்கிக் கட்டு. யாரிடமும் சொல்லாதே. இன்று முதல் உனக்குக் 'குழந்தைத் திலகம்' என்று பட்டம் தருகிறேன்!"

பொட்டு பூரித்துப் போனாள்.

மறுநாள் அவளுடைய தோழன் உப்பன் இரகசியமாக ஆமையாரிடம் வந்தான். வயிறு உப்பியவன். அவனுக்கும் கால். அவனுக்கும் கொடி. அவனுக்கும் பட்டம். அதற்கு மறுநாள் நாற்பது பேர். ஒரே வாரத்தில் அந்தக் குட்டையில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது குழந்தைத் திலகங்கள்! ஒவ்வொருவரும் தான் மட்டுமே திலகம் என்று நினைத்துக்கொண்டார்கள். பட்டம் இல்லாதவன் கடுகு ஒருவன்தான். அவனுக்கு இன்னும் கால் வரவில்லை.

வாலடி ஆட்டம் கெட்டுப்போனது. "ஒண்ணா...!" என்றால் "போடு!" என்று குரல் வந்தது, கொடி இறுக்கியதில் அலை வரவில்லை. வால்கள் வேறு நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தன. நாவல் இலை நின்ற இடத்திலேயே நின்றது.

வெயில் ஏறியது. குட்டை சுருங்கியது.

ஒரு நடுப்பகலில் ஆமையார் மெல்லக் கரையேறினார்.

"ஐயா! எங்கே போறீங்க?" என்று பொட்டு கேட்டாள்.

"ஓடையில் ஆழம் எப்படி என்று பார்த்து வரப் போகிறேன், மகளே."

"இங்கே தண்ணி வத்துதே!"

"கவலை பெரியவர்களுக்கு! விளையாட்டு குழந்தைகளுக்கு! நீங்கள் விளையாடுங்கள்!"

நான்கு கால்களாலும் வேகமாக நடந்தார். அந்தப் பக்கம் 'தொபுக்' என்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"அக்கா! அக்கா!"

கடுகின் குரல்! ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்தவன் கீழே தண்ணீர் இறங்கியதைக் கவனிக்கவில்லை. சேற்றில் வயிறு ஒட்டிக் கிடந்தான். வாய் திறந்து திறந்து மூடியது.

பொட்டு நோயை மறந்தாள். பட்டத்தை மறந்தாள். ஓங்கி ஓர் உதை! கொடி அறுந்தது. ஒரே தாவலில் சேற்றில் போய் விழுந்தாள். மூக்கால் முட்டி முட்டித் தம்பியைத் தண்ணீருக்குள் தள்ளினாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொட்டுக்குக் கால் இருக்கு!" என்றான் ஒருவன்.

உப்பன் மெதுவாகச் சொன்னான்: "எனக்குந்தான்."

"என்னது, உனக்குமா? எனக்கும் இருக்குப்பா!"

"எனக்கு நாலு! முன்னாலகூட ரெண்டு வந்துடுச்சு!"

பட் பட் என்று கொடிகள் அறுந்தன. தண்ணீர் முழுக்க அறுந்த கொடிகள். அடுத்த நிமிடம் தாவல் என்ன, குட்டிக்கரணம் என்ன! ஒருவன் தலையில் ஒருவன் விழுந்தான். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது.

உப்பன் கரையின் உச்சிக்குத் தாவிப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "அந்தப் பக்கம் ஓடை நிறையத் தண்ணி! வாங்க, போயிடலாம்!"

"நான் எப்படி வருவேன்?" என்றான் கடுகு.

சிரிப்பு நின்றது. பொட்டு அவனை முதுகில் ஏறச் சொன்னாள். ஏறினான், வழுக்கி விழுந்தான். மூன்று தடவை ஏறினான். மூன்று தடவையும் விழுந்தான்.

"ஒருத்தனுக்காக எல்லாரும் காயணுமா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"நீங்க போங்க. நான் இவன்கூட இருக்கேன்" என்றாள் பொட்டு.

யாரும் நகரவில்லை.

அப்போது கரையின் வளையிலிருந்து ஒரு நண்டு தலையை நீட்டியது.

"என்ன கூச்சல்! மனுஷி தூங்க வேண்டாமா?"

"நீங்க மனுஷியா, நண்டக்கா?" என்றான் கடுகு.

"வாயைப் பாரு! சரி, கேளுங்க. என் பழைய வளை ஒண்ணு கரையைத் துளைச்சு ஓடை வரைக்கும் போகுது. அதோ, அந்தச் சேற்று மேடுதான் அதோட வாய். அது திறந்தா ஓடைத் தண்ணி இங்கே வந்துடும்."

"யார் அடைச்சது?"

"வேற யாரு? உங்க பெரியவர்தான்! நீங்க பொரிச்ச அன்னைக்கே மிதிச்சு அடைச்சார். அந்த வழியா நீங்க போயிட்டா அவர் முதுகு என்னாகிறது?"

உப்பன்தான் முதலில் போய்ச் சேற்று மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவன் பக்கத்தில் பொட்டு. பிறகு எல்லோரும், பழைய வாலடி வரிசையில்.

"கடுகு! நீ கூவுடா!"

"ஒண்ணா...!" என்றான் கடுகு, தன் சின்னத் தொண்டை கிழிய.

"போடு!"

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஜோடிக் கால்களும் ஒன்றாக உதைத்தன. சேறு தெறித்தது.

"ஒண்ணா...!"

"போடு!"

"எனக்கு மூச்சு வாங்குது!" என்றான் உப்பன்.

"அப்புறம் வாங்கிக்கோ! இப்போ உதை!" என்றாள் பொட்டு.

நூறு உதை. நூற்றைம்பது உதை. சேற்றிலிருந்து ஒரு சொட்டு நீர் எட்டிப் பார்த்தது. பிறகு நூல் போல ஒரு கசிவு. பிறகு 'குபுக்!' ஓடை உள்ளே பாய்ந்தது! கடுகு அலையில் உருண்டு எதிர்க்கரைக்குப் போய் நாவல் இலையோடு ஒட்டிக்கொண்டான்.

"இன்னொரு தடவை!" என்று கத்தினான்.

பொட்டு சிரிக்க வாயைத் திறந்தாள். அவள் இதுவரை கேட்டிராத ஒரு குரல் அவள் தொண்டையிலிருந்தே வந்தது: "க்ரோக்!" உடனே குட்டை முழுக்க க்ரோக்! க்ரோக்!

மாலையில் ஆமையார் கரைமேல் வந்து நின்றார். நிறைந்த குட்டையைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் அருமைச் செல்வங்களே! முதுகு அரிக்கிறது. விருந்துக்கு வாருங்கள்!"

உப்பன் பணிவாகச் சொன்னான்: "வர முடியாதுங்க ஐயா. எனக்குக் கால் நோய்!"

"எனக்கும்!" "எனக்கும்!" என்று அவர் தலைக்கு மேலேயே தாவித் தாவிப் போனார்கள் குட்டித் தவளைகள். ஆமையார் ஒரு கல்லைத் தேடிப் போய் முதுகைத் தேய்த்துக்கொண்டார்.

"அக்கா, எனக்கு எப்போ அந்த நோய் வரும்?" என்று கேட்டான் கடுகு.

"சீக்கிரம் வரும்டா. வந்ததும் எங்ககிட்ட சொல்லு. கட்டி மட்டும் வைக்காதே!"

பிள்ளைகளே, 'நீ வளரவே வேண்டாம்' என்று யாராவது கொஞ்சினால், முதலில் அவர் முதுகில் என்ன அரிக்கிறது என்று பாருங்கள். பிறகு, முளைத்த காலால் துணிந்து உதையுங்கள்!