ஆறு இருபத்தைந்துக்கு எழுந்து போனவர்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சிஷ்யருக்கு அறுபத்திரண்டு. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. பஞ்சாட்சரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தாலுகா ஆபீசில் முப்பத்துநான்கு வருஷம் தலையைக் குனிந்தபடி கோப்பு எழுதியவர், ஓய்வு பெற்ற மறுமாதமே பொற்கொடியிடம் போய், "எனக்கும் பேசச் சொல்லிக்கொடுங்க டீச்சர்" என்று நின்றார்.

பொற்கொடி உண்மையில் டீச்சரே இல்லை. விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை.

"நூறு விதையை நனைச்சு வெச்சு எத்தனை முளைக்குதுன்னு பார்க்கிறதுதான் சார் என் உத்தியோகம். என்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தார். பஞ்சாட்சரம் நகர்கிற வழியாகத் தெரியவில்லை. சரி, வாங்க என்று சொல்லிவிட்டார்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு நூலகம். அதன் மாடியில் சனிக்கிழமைதோறும் ஐந்தரைக்குப் பேச்சு. சொற்பொழிவெல்லாம் இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் பொற்கொடி, அந்தப் பக்கம் யாராவது ஒருவர். பெரும்பாலும் புத்தகம், நடுநடுவே சினிமா, எப்போதாவது பாட்டு. இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள், எதிரே நாற்பது இரும்பு நாற்காலிகளில் ஊர் உட்கார்ந்து கேட்கும். ஏழு மணிக்குச் சுக்குக் காபி. ஒன்பது வருஷமாக நடக்கிறது. அந்தப் பக்கத்து நாற்காலி இரண்டு வருஷமாகப் பஞ்சாட்சரத்துக்கு என்றே ஆகிவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மூன்றாவது வரிசை ஓரத்தில் அந்த மனிதர் வந்து உட்காரும்வரை.

பெயர் சவரிராயன். ஐஸ் ஃபேக்டரியில் வாட்ச்மேன். காக்கி பேன்ட், நீலச் சட்டை, கையில் ஒரு ஒயர் பை. சரியாக ஐந்தரைக்கு வருவார், கண்ணை எடுக்காமல் கேட்பார். ஆறு இருபத்தைந்து ஆனதும் எழுந்து போய்விடுவார். சத்தமில்லாமல் போனாலாவது பரவாயில்லை. அந்த இரும்பு நாற்காலி தரையில் இழுபட்டுப் போடும் சத்தத்துக்கு மாடியே திரும்பிப் பார்க்கும்.

முதல் வாரம் பஞ்சாட்சரம் ஏதோ அவசரம் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாம் வாரம் முகம் சுண்டியது. மூன்றாம் வாரம் சினிமாப் பேச்சு. அன்று அந்த மனிதர் கடைசிவரை உட்கார்ந்து, சுக்குக் காபியும் குடித்துவிட்டுத்தான் போனார். நான்காம் வாரம் மறுபடி புத்தகம். ஆறு இருபத்தைந்து, நாற்காலிச் சத்தம், ஆள் இல்லை.

பஞ்சாட்சரத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"முப்பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தாங்கதானே?" என்று கேட்டார் அவர் மனைவி சௌந்தரம்.

"உட்கார்ந்திருந்தாங்க."

"கை தட்டினாங்கதானே?"

"தட்டினாங்க. அதுக்கு என்ன இப்போ? சினிமான்னா உட்கார்றார், புத்தகம்னா எழுந்திரிக்கிறார். அப்போ நான் புத்தகத்தைப் பத்திப் பேசறது குப்பைன்னுதானே அர்த்தம்?"

சௌந்தரம் ரசத்தை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே பஞ்சாட்சரம் குருவின் வீட்டு வாசலில் நின்றார்.

"டீச்சர், இனிமே எல்லா வாரமும் சினிமாவே பேசிடலாமா?"

பொற்கொடி கேட்டார்: "அவர் எழுந்து எங்க போறார்னு பார்த்தீங்களா?"

"எங்க போனா என்ன டீச்சர், போறார் இல்ல?"

"சரி, அவர் எழுந்திரிச்சப்போ நீங்க என்ன பேசிட்டிருந்தீங்க?"

பஞ்சாட்சரம் யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் அப்போது கடிகாரத்தையும் சவரிராயனையும்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது.

"நூத்துக்கு எண்பது முளைச்சா நாங்க பாஸ் போட்டுடுவோம்" என்றார் பொற்கொடி. "நீங்க நாற்பதுக்கு நாற்பது கேட்கிறீங்க. உள்ள வாங்க, காபி குடிங்க."

காபி குடித்தார். சமாதானம் ஆகவில்லை.

அடுத்த சனிக்கிழமை பஞ்சாட்சரம் ஒரு முடிவோடு வந்தார். அன்றைக்குப் பேச வேண்டிய நாவலில் ஒரு தாசில்தார் வந்தார். போதாதா? தான் பார்த்த தாசில்தார்களை எல்லாம் வரிசையாக இறக்கிவிட்டார். ஒருவர் தூங்கியது, ஒருவர் மனைவிக்குப் பயந்து ஜீப்புக்குள் ஒளிந்தது, ஒருவர் தன் கையெழுத்தைத் தானே போலி என்று எழுதி அனுப்பியது. மாடி குலுங்கிச் சிரித்தது. நாவல் எந்தப் பக்கம் போனது என்று யாருக்கும் தெரியாது.

ஆறு இருபத்தைந்து ஆனது. நாற்காலி சத்தம் போடவில்லை. ஏழுக்குக் கைதட்டல் அடங்கியபோதும் சவரிராயன் அதே இடத்தில் இருந்தார்.

அன்று பஞ்சாட்சரம் வீட்டில் ஏழு தோசை சாப்பிட்டார்.

ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். அடுத்த சனிக்கிழமை பேச்சைப் பொற்கொடி கையில் வைத்துக்கொண்டார். தீவில் வளர்ந்த ஒரு பெண் வீட்டுக்குச் சொல்லாமல் படகு ஏறுகிற கதை. தாசில்தார்களுக்கு அதில் இடமே இல்லை. பஞ்சாட்சரமும் கதையில் மாட்டிக்கொண்டு, தன்னை மறந்து கொஞ்சம் நன்றாகவே பேசினார். அந்தப் பெண் கரையைத் திரும்பிப் பார்த்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

நாற்காலி சத்தம் போட்டது.

அன்று கூட்டம் கலைந்தபிறகு பொற்கொடி ஒரு தாளைக் காட்டினார். தர்மபுரிக்கு மாற்றல் உத்தரவு.

"அடுத்த சனிக்கிழமைதான் எனக்குக் கடைசி. அதுக்கப்புறம் என் நாற்காலியில நீங்க உட்காருங்க. எதிர்ல பேச ஆள் கிடைக்கும். நீங்க மாட்டேன்னா இதோட பூட்டிட வேண்டியதுதான், வேற யாரும் இல்லை."

பஞ்சாட்சரத்துக்கு இந்த மாடி இல்லாவிட்டால் சனிக்கிழமை என்று ஒன்று இல்லை. வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவர் இந்த ஒன்றுக்காகத்தான் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"அடுத்த வாரமும் அவர் எழுந்து போனார்னா, நான் உட்கார மாட்டேன் டீச்சர். ஒரு வாட்ச்மேனை உட்கார வைக்கத் துப்பில்லாதவனுக்கு அந்த நாற்காலி எதுக்கு?"

பொற்கொடி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்கப் பஞ்சாட்சரம் வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்தார். பேசவேண்டிய புத்தகம் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. பக்கத்தைத் திறப்பார், நீலச் சட்டை தெரியும், மூடிவிடுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் திடீரென்று அவர் முகம் தெளிந்தது. கடைத்தெருவுக்குப் போய் ஒரு பொன்னாடை வாங்கிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை ஐந்தரை. பொற்கொடி வாய் திறக்கும் முன்பே பஞ்சாட்சரம் எழுந்து நின்றார்.

"நம்ம கூட்டத்துக்கு வாராவாரம் தவறாம வர்ற திரு. சவரிராயன் அவர்களுக்கு, இன்னைக்குக் கூட்ட முடிவில் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்யப் போறோம். ஐயா, நீங்க அங்க உட்காரக் கூடாது. முன்வரிசை நடுவுல வந்து உட்காருங்க."

பலமாகக் கைதட்டினார்கள். சவரிராயன் என்ன ஏது என்று புரியாமல் ஒயர் பையோடு எழுந்து வந்தார். இடப்பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வலப்பக்கம் மருந்துக்கடை முதலாளி. நடுவில் கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்கி உட்கார்ந்தார்.

நம் ஊரில் பொன்னாடை என்று சொல்லி உட்கார வைத்துவிட்டால், அதற்குப் பிறகு வீடு பற்றிக்கொண்டாலும் எழுந்திருக்க முடியாது. பஞ்சாட்சரத்துக்கு அது தெரியும்.

ஆறு மணியிலிருந்தே சவரிராயன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு இருபத்துமூன்றுக்குப் பையின் காதைப் பிடித்தார். பொற்கொடி பேச்சை நிறுத்தினார்.

"உங்களுக்கு வேலை இருந்தா கிளம்புங்க. ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்."

அத்தனை முகங்களும் அவர் பக்கம் திரும்பின.

"இல்லைங்கம்மா. பரவாயில்லைங்க" என்றார் சவரிராயன்.

ஆறு முப்பதுக்குக் கீழே ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஏழுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். அவர் எல்லோரையும் கும்பிட்டார், பொன்னாடையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பஞ்சாட்சரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பார்த்தீங்களா டீச்சர், கடைசிவரைக்கும் உட்கார்ந்துட்டார்."

பொற்கொடி மாடிப்படியில் இறங்கினார். பஞ்சாட்சரமும் பின்னால் போனார். கீழே நூலகத்தின் கம்பி ஷட்டர் பூட்டியிருந்தது. உள்ளே ஒரு குண்டு பல்பு எரிந்தது.

"மூணாவது தட்டைப் பாருங்க."

பார்த்தார். அவர்கள் மேலே பேசிய உப்பளத்து நாவலின் நூலகப் பிரதி பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது.

"மத்த வாரமெல்லாம் இந்நேரம் நாம பேசின புத்தகம் இருந்த இடத்துல ஒரு சந்துதான் இருக்கும்" என்றார் பொற்கொடி. "இங்க ஆறரைக்குப் புத்தகம் தர்றதை நிறுத்திடுவாங்க சார்."

பஞ்சாட்சரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொற்கொடி தன் பையிலிருந்து சொந்தப் பிரதியை எடுத்து நீட்டினார்.

"கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க. நான் நாற்காலியை மடக்கி வைக்கிறேன்."

ஐஸ் ஃபேக்டரி மொபெட்டில் பத்து நிமிஷம். வாசல் விளக்கின் கீழே ஒரு ஸ்டூலில் சவரிராயன் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இதுக்காகவா சார் இவ்வளவு தூரம்?"

"நீங்க கூட்டத்துக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கலாமே?"

"எடுக்கலாம்தான் சார். ஆனா நீங்க பேசிக் கேட்டப்புறம்தானே வேணும்னு தோணுது. போன வாரம் அந்தப் பொண்ணு படகுல நின்னு திரும்பிப் பார்த்தான்னு சொல்லி நிறுத்தினீங்க. அதுக்கு மேல என்னால உட்கார முடியலை. விடியறதுக்குள்ள முடிச்சுட்டேன்."

பஞ்சாட்சரம் கேட்கக் கூடாது என்று நினைத்தார். பாழாய்ப் போன நாக்கு கேட்டுவிட்டது.

"இன்னைக்கு எப்படி இருந்தது?"

சவரிராயன் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கடிகாரத்தையே பார்த்துட்டிருந்தேனா, ஒண்ணும் காதுல ஏறலை."

பஞ்சாட்சரம் தலையாட்டினார். தன் பழைய அவஸ்தையை இன்னொருவர் வாயில் கேட்பது வேதனையாக இருந்தது. விட்டிருக்கலாம். ஆனால் அந்த ஏழு தோசை இன்னும் மனசில் இருந்தது.

"தாசில்தார் கதையெல்லாம் சொன்னேனே ஒரு வாரம். அன்னைக்குக் கடைசிவரைக்கும் இருந்தீங்க."

"இருந்தேன் சார். வயிறு வலிக்கச் சிரிச்சேன்." சவரிராயன் புத்தகத்தின் அட்டையைத் துடைத்தார். "அன்னைக்குப் புத்தகம் எடுக்கணும்னு தோணலை."

உள்ளே ஐஸ் பாளம் உடைபடும் சத்தம் கேட்டது. பஞ்சாட்சரம் விடைபெற்றுக்கொண்டு மொபெட்டை உதைத்தார். இரண்டு தடவை உதைத்தும் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது.

மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. பொற்கொடி கையில் கடைசி இரண்டு இருந்தன. பஞ்சாட்சரம் ஒன்றை வாங்கி மடக்கி வைத்தார்.

"அடுத்த சனிக்கிழமை நான் உட்கார்றேன் டீச்சர்" என்றார். "புத்தகம்தான்."

"ம்."

"அவர் எழுந்து போவாரா?"

பொற்கொடி தன் கையிலிருந்த நாற்காலியை மடக்கினார்.

"நீங்க நல்லா பேசினா போவார்."