கஞ்சி வாசனை பிடித்துப் போன கடைக்குட்டி

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கிற அணுக்களும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசும், சண்டை போடும், கோபித்துக்கொண்டு படுக்கும். அப்போது உப்பளத்தில் வேலை செய்த குயிலாள் என்பவளின் தொடை எலும்புக்குள், மச்சையம்மா என்ற எலும்பு மஜ்ஜைத் தாய் ரத்தத்துக்கான அணுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவந்தாள்.

அவள் காய்ச்சும் கஞ்சிதான் பிள்ளைகளை வளர்த்தது. அதைத்தான் இன்றைக்கு டாக்டர்கள் வளர்ச்சிக் காரணி என்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலம் வந்ததும் தாய் அந்தப் பிள்ளையின் முன்னால் அகப்பையைக் கவிழ்த்து வைப்பாள். அதற்கு மேல் ஒரு வாய் கிடையாது. ரத்தத்தில் இறங்கிப் போய், உடம்புக்கு உழைத்து, அங்கேயே கண்ணை மூட வேண்டியதுதான்.

கடைக்குட்டி வெள்ளையனின் முறை வந்தபோது அவன் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"போனா செத்துப்போவேன்மா. இன்னும் ஒரே ஒரு அகப்பை ஊத்தும்மா!"

பெற்ற மனசு கேட்குமா? பாவி மகள், கவிழ்த்ததை நிமிர்த்தி ஊற்றிவிட்டாள்!

அதைக் குடித்தவன் வளரவில்லை, பெருகினான். ஒருவன் இரண்டானான், இரண்டு நாலானது, வீடு கொள்ளவில்லை. சிவப்புப் பிள்ளைகளுக்குக் கால் நீட்ட இடமில்லை, குடிக்கக் கஞ்சியில்லை. வெளியே குயிலாள் வெளுத்துப்போனாள். ஈறில் ரத்தம் கசிந்தது. உப்பு வாரக் குனிந்தவள் எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூத்தவள் சிவப்பி தாயிடம் கெஞ்சினாள். "அம்மா, உடம்பைக் காக்கிற காவக்கார அணுக்கள்கிட்ட இவனைப் பிடிச்சுக் குடுத்துடு. குயிலாள் போயிட்டா நாம யாருமே இல்ல."

"நான் பெத்ததை நானே கொல்லக் குடுப்பேனாடி?" என்று மச்சையம்மா மாரில் அடித்துக்கொண்டாள். வெள்ளையன் அதற்குள் பானையையே வழித்து நக்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது.

"எங்க கஞ்சி மணக்குதோ அங்க போய்த் தொலைடா!"

பெற்றவள் சொல் பலித்துவிட்டது. மண்ணீரலிலும் கல்லீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் யார் யாருக்கோ காய்ச்சிய கஞ்சி மணத்தது. வெள்ளையன் கூட்டம் மோப்பம் பிடித்து அந்தப் பக்கமெல்லாம் ஊர்ந்தது. குயிலாளுக்கு வயிறு வீங்கியது. மழைக்காலம் பிறப்பதற்குள் செத்துப்போனாள். அவளோடு மச்சையம்மா செத்தாள், சிவப்பி செத்தாள். வெள்ளையனும்தான் செத்தான். அப்படி ஆகும் என்று அந்த மடையனுக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை.

அன்று முதல்தான் ரத்தப் புற்றணுக்கள் வளர்ச்சிக் காரணி எந்தப் பக்கம் சுரக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பி நகர்கின்றன. அது யாருடைய உடம்பு என்று ஒருமுறைகூட அவை கேட்பதில்லை.