பத்துச் சுற்றுத் தூரம்

ஒரு காட்டில் இரண்டு சின்னக் குளங்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு மொட்டைப் பாறை. பாறை உச்சியில் ஒரு வல்லூறு குடியிருந்தது. பாறையடியில் சின்னச் சின்ன எலும்புகள் வெள்ளை வெள்ளையாய்க் கிடக்கும்.

காலையில் ஒரே ஒரு முறை வல்லூறு ஆற்றுக்குக் குளிக்கப் போகும். கீழக்குளத்துத் தவளை அறுபது தரம் கத்துவதற்குள் திரும்பிவிடும். அங்குள்ள பறவைகளுக்கெல்லாம் அந்தத் தவளைதான் கடிகாரம்.

அந்தக் கோடையில் கீழக்குளம் வற்றிப்போனது. ஒரு நீர்க்கோழியும் அதன் மூன்று குஞ்சுகளும் சேற்றில் நின்றன. இங்கேயே இருந்தால் தாகத்தில் சாக வேண்டும். மேலக்குளம் போவதென்றால் பாறையைத் தாண்ட வேண்டும்.

"மேலக்குளமா? கூப்பிடு தூரம்தான்! இருபது கத்தலில் நான் போய்விட்டேன்," என்றது தகைவிலான் குருவி. காற்றைக் கிழித்துப் பறக்கிற குருவி அது.

"கூப்பிடு தூரம் என்றால் எவ்வளவு அண்ணே?" என்று கேட்டது நீர்க்கோழி.

"இந்தக் குளத்தைப் பத்துச் சுற்று சுற்றினால் எவ்வளவோ, அவ்வளவு."

நீர்க்கோழி தன் கடைக்குட்டியை அழைத்தது. "கண்ணு, குளத்தைப் பத்துச் சுற்று பறந்து காட்டு."

தவளை எண்ணியது. பத்தாவது சுற்று முடிந்து குஞ்சு சேற்றில் பொத்தென்று விழுந்தபோது கணக்கு ஐம்பத்தேழு.

அதே சேற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கொக்கு விழுந்து விழுந்து சிரித்தது. "பயந்தாங்கொள்ளி! இருபதில் போகிற இடத்துக்கு ஒத்திகை வேறா?"

"அது குருவிக்கு இருபது. நீங்களும் ஒரு தரம் சுற்றிப் பாருங்கள், கொக்கண்ணே."

"எனக்கு இருப்பதும் ரெக்கைதானே? போடி போ!"

மறுநாள் காலை. வல்லூறு ஆற்றுப் பக்கம் மறைந்தது. முதல் கத்தலிலேயே நீர்க்கோழி குஞ்சுகளோடு கிளம்பியது. "கொக்கண்ணே, வாங்க!"

"நாற்பதில் வருகிறேன். சேற்றில் இன்னும் நாலு மீன் துள்ளுகிறது."

பாறைக்கு நேர்மேலே வரும்போது தவளையின் சத்தம் நின்றுவிட்டது.

"அம்மா, கூப்பிடு தூரம் என்றார்களே, ஏன் கேட்கவில்லை?"

"பேசாதே. கீழே பார்க்காதே. எண்ணிக்கொண்டே வா."

மூத்த குஞ்சு எண்ணியது. முப்பது. நாற்பது. கடைக்குட்டியின் சிறகு துவண்டது. தாய் அதற்குக் கீழே போய், தன் முதுகால் தாங்கிப் பறந்தது. ஐம்பது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தேழில் நான்கும் மேலக்குளத்துக் கோரைக்குள் விழுந்தன.

திரும்பிப் பார்த்தால், வயிறு முட்டத் தின்ற கொக்கு இன்னும் பாறைக்கு அந்தப் பக்கமே தள்ளாடிக்கொண்டிருந்தது.

"ஐம்பத்தெட்டு," என்றது மூத்த குஞ்சு. "ஐம்பத்தொன்பது..."

"போதும், எண்ணாதே," என்று தாய் அதன் கண்ணைச் சிறகால் மூடியது.

ஆற்றுப் பக்கமிருந்து ஒரு நிழல் பாறைமேல் ஏறியது.

கோரைக்கு மேலே வட்டமிட்ட தகைவிலான் குருவி, "எனக்கு இருபதுதானே ஆனது!" என்று சொல்லிவிட்டு எங்கோ பறந்து போனது.

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீரில் ஒரு வெள்ளை இறகு மெல்ல வந்து விழுந்தது.

நீதி: அடுத்தவர் சிறகை வைத்து உன் வழியை அளக்காதே.